நாற்பத்து மூன்று விநாடி இருட்டு

காட்சி பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்கே தியேட்டர் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஆறு மாதமாகச் சுவர் சுவராக ஒட்டியிருந்த போஸ்டரில் சேற்றில் கிடக்கும் ஒரு கேமரா மட்டும்தான் இருந்தது. படத்தில் வரும் மிருகத்தை எங்கேயும் காட்டவில்லை. அதனாலேயே பஸ்ஸிலும் சலூனிலும் ஆபீஸ் லிஃப்டிலும் ஆளுக்கொரு மிருகத்தைப் படைத்துவிட்டார்கள்.

"பல்லி மாதிரி இருக்குமாம். ஆனா லாரி சைசு."

"யாரு சொன்னா?"

"என் மச்சான். அந்தப் படக் கம்பெனில கார் ஓட்டறான்."

"உன் மச்சான் போன மாசம் ஆக்டோபஸ்னு சொன்னானே. அதுக்குள்ள கால் உதிர்ந்துபோச்சா?"

வரிசையில் இந்த இருவருக்கும் பின்னால் நின்ற பெண் வாயைத் திறக்கவில்லை. மிருகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது எப்படி மூச்சு விடும் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த மூச்சைச் செய்தவளே அவள்தான்.

இயற்பியல் படித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்வாள் என்பதால் அங்கே எல்லாரும் அவளை மியூட் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கும் அவள் தலையாட்டினாள்.

படம் முழுவதும் ஒரே கேமராவில் எடுத்தது போல இருக்கும். சுரங்கப்பாதை தோண்டும் ஆட்கள் ஐந்து பேர் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள்; அவர்களில் ஒருவன் எடுத்த வீடியோ பிறகு யாருக்கோ கிடைக்கிறது. அதைத்தான் நாம் பார்க்கிறோம். ஓரிடத்தில் கேமரா கைதவறிச் சேற்றில் குப்புற விழுகிறது. அதற்கப்புறம் நாற்பத்து மூன்று விநாடி திரையில் ஒன்றுமே இல்லை. முதலில் தண்ணீர் சொட்டும். இருபதாவது விநாடியில், பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், மூச்சு.

குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டி, அது தரைக்குழியில் இறங்கி முடியும்போது வரும் கடைசி உறிஞ்சலைப் பதிவுசெய்து, எட்டு மடங்கு மெதுவாக்கினாள். இரண்டு நாள் வேலை.

"ரெண்டு நாள் நான் பக்கத்து வீட்டுல போய்க் குளிச்சேன்," என்றாள் வரிசையில் பக்கத்தில் நின்ற அக்கா. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், இன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "படத்துல நன்றின்னு என் பேரையும் போட்டிருக்கணும்."

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாப் பேசினா நம்ம குடும்பத்துல யாரு பேசறது?"

இயக்குநருக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. மிருகத்தைப் பார்க்க வந்தவனுக்கு இருட்டைக் காட்டினால் சும்மா விடுவானா என்று கேட்டார். சண்டை முற்றி, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இருட்டை வெட்டிவிட்டு, பெரிய உறுமலோடு மிருகம் பாயும் இன்னொரு பிரதியும் தயாராக இருக்கும். முதல் நாள் இரண்டு காட்சிகள் இருட்டோடு ஓடட்டும். ஜனங்கள் முகம் சுளித்தால், மாலைக் காட்சிக்குள் எல்லாத் தியேட்டருக்கும் மற்றப் பிரதி போய்விடும். இரண்டு வருடத்தில் அவள் தனியாகச் செய்து, யாரும் கைவைக்காமல் திரைக்கு வந்தது அந்த நாற்பத்து மூன்று விநாடிதான்.

படம் ஆரம்பித்தது. முதல் அரைமணி நேரம் ஜனங்கள் கேமராக்காரனோடு சண்டை போட்டார்கள்.

"நேராப் புடிடா, தலை சுத்துது!"

"உயிர் போற நேரத்துல எவனாவது படம் எடுப்பானாய்யா?"

"என் பொண்டாட்டி எடுப்பா."

சிரிப்பு. ஆனால் சுரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்ததும் சிரிப்பும் ஒவ்வொன்றாக அணைந்தது. அக்கா துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். கேமராக்காரன் ஓடினான், வழுக்கினான், விழுந்தான். திரை கறுத்தது.

சொட்டு. சொட்டு.

அவள் மனசுக்குள் எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

பளிச்சென்று தியேட்டர் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

அவளுக்கு முதலில் என்ன நடந்தது என்றே பிடிபடவில்லை. ஜனங்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து சோம்பல் முறித்தான். படமோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நட்டநடு வெளிச்சத்தில், பின்னாலிருந்து, அவளுடைய மூச்சு வந்தது.

"யாருப்பா அது, படம் நின்ன உடனே குறட்டை?"

தியேட்டரே குலுங்கியது. இன்னொருவன் பதிலுக்குக் குறட்டை விட்டான். பால்கனியிலிருந்து ஒருவன் அதைவிட நன்றாக விட்டான். அவள் சீட்டுக்குள் புதைந்துபோனாள். திரையில் படம் மறுபடி தெரிந்ததும் விளக்குகள் அணைந்தன. ஆனால் அதன்பிறகு மிருகம் வந்து நின்றபோதும் எங்கோ ஒருவன் குறட்டை விட்டான், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெளியே வரும்போதே போன் அடித்தது. எடிட்டர்.

"மியூட், நீ தியேட்டர்லதான இருக்க? இருட்டு வந்தப்ப சிரிச்சாங்களாமே? போன்ல எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க. மிஷின் கெட்டுப்போச்சு, படம் நின்னுபோச்சுன்னு."

"ஆமா சார்... ஆனா..."

அவள் 'ஆனா'வைத் தாண்டுவதற்குள் அவர் வைத்துவிட்டார்.

"லைட்டைப் போட்டுட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"வச்சிட்டாரு."

"திருப்பிக் கூப்பிடு."

"கூப்பிட்டு? சிரிச்சாங்கதானே. அது நெசந்தானே."

"பேய்க்கதை சொல்றப்ப லைட்டைப் போட்டா நானுந்தான் சிரிப்பேன். போடி. மேல போய் அந்த ஆளை என்னன்னு கேளு."

"நீயும் வா."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். அப்புறம் சண்டை வரும். நீ போ."

ஆபரேட்டர் அறைக்குப் போகும் படி குறுகலாக இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, படம் காட்டும் மிஷினின் காற்றுச் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வரக்கூடாதும்மா. கழிவறை கீழ."

"இல்ல சார். நான் இந்தப் படத்துல சவுண்டு..." அவள் சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையைக் காட்டினாள். "லைட்டைப் போட்டுட்டீங்க."

"பின்ன? திரை செத்துப்போச்சு. மிஷின் லேம்ப் போச்சோன்னு நெனச்சிட்டேன். போன வருஷம் ஒரு தடவை இப்படித்தான் இருட்டாச்சு. அஞ்சு நிமிஷம். பன்னெண்டு சீட்டைக் கிழிச்சிட்டானுங்க. அன்னைக்கே முதலாளி சொல்லிட்டாரு: பத்து எண்ணு, லைட்டைப் போடு. நான் பத்து எண்ணினேன், போட்டேன்."

"லேம்ப் போகல சார். படமே அப்படித்தான். நாற்பத்து மூணு செகண்டு."

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"படத்துல இருட்டுன்னா ஒரு நெழலாவது தெரியும்மா. நெலா வெளிச்சமாவது இருக்கும். இது சுத்தக் கறுப்பு. யாராவது காசு குடுத்து வர்றவனுக்குக் கறுப்பைக் காட்டுவாங்களா?"

"சேத்துல விழுந்த கேமராவுக்கு என்ன சார் தெரியும்?"

இவ்வளவு நீளமாகப் புதிய மனிதர் ஒருவரிடம் அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. ஆபரேட்டர் சல்லடையை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப அந்தக் குறட்டை?"

"அது மூச்சு சார். மிருகத்தோடது."

"அடக் கடவுளே." அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நானும் சிரிச்சேன்மா."

அடுத்த காட்சியில் விளக்கைப் போடாமல் இருக்க அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தன் கைமேல் நம்பிக்கை இல்லை. பத்து வந்தால் அது தானாகவே சுவிட்சுக்குப் போய்விடும், சொன்னால் கேட்காது என்றார். கடைசியில், "நீயே வந்து சுவிட்சு பக்கத்துல நில்லு. என்னைக் கிட்டக்கவே விடாத," என்று முடிவு சொன்னார்.

எடிட்டருக்கு அவள் போன் செய்யவில்லை. எழுதி அனுப்பினாள்: 'காலையில் இருட்டு வந்ததும் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். இப்போது போடமாட்டார்கள். இரண்டு முப்பத்தைந்துக்குக் கூப்பிடுகிறேன். எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.' பதிலாக ஒரு கேள்விக்குறி வந்தது.

ஒன்றரை மணிக்காட்சிக்கும் கூட்டம் நிறைந்தது. காலையில் பார்த்தவர்கள் வாசலிலேயே குறட்டையை நடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே இந்தக் கூட்டம் சிரிக்கத் தயாராகவே உள்ளே வந்திருந்தது. மேலேயிருந்து சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவளுக்கு எல்லாரும் வெறும் தலைகளாகத் தெரிந்தார்கள். அக்கா மட்டும் ஏழாவது வரிசையில் திரும்பித் திரும்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு முப்பத்தைந்து. கேமராக்காரன் ஓடினான். அவள் எண்ணை அழுத்தி, எடிட்டர் எடுத்ததும், போனை ஜன்னல் விளிம்பில் வைத்துக் கண்ணாடியை நகர்த்திவிட்டாள். சுவிட்சுப் பலகையின் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள்.

திரை கறுத்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று ஆபரேட்டர் முணுமுணுத்தார். எண்ணாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒன்பது வந்தபோது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

பத்து தாண்டியது.

"ஏய் ஆபரேட்டரு! எந்திரிய்யா!"

"சாப்பிட்டுத் தூங்கிட்டான்போல!"

விசில். கைதட்டல். யாரோ சீட்டை மடக்கி மடக்கி அடித்தார்கள். நாலைந்து போன்களின் டார்ச்சுகள் எரிந்தன.

"இத்தனை வருஷத்துல," என்று ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "என்னைத் தூங்கறான்னு ஒருத்தன் சொன்னதில்ல."

சீட்டு அடிக்கும் சத்தம் கூடியது. அவளுடைய தோளுக்குப் பின்னால் சுவிட்சு குத்திக்கொண்டிருந்தது. திரும்பி ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அடங்கிவிடும். இவர் மானமும் பிழைக்கும், சீட்டுகளும் பிழைக்கும், இந்த மூச்சைச் செய்தது தான் என்றும் யாருக்கும் தெரியாமல் போகும். நிஜமாகவே கை பின்னால் போனது. போன கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"பதினெட்டு," என்றார் ஆபரேட்டர். "பத்தொம்போது."

மூச்சு வந்தது.

முதலில் கேட்டது கடைசி வரிசைக்குத்தான். அங்கே விசிலடித்தவன் பாதியில் நிறுத்தினான். சீட்டு அடித்த சத்தம் நின்றது. எங்கோ ஒருவன் குறட்டை விட ஆரம்பித்தான். "சும்மா இருடா," என்று ஒரு பெண்குரல் கெஞ்சியது. அது சிரிப்புக்குரல் இல்லை. மூச்சு உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. டார்ச்சுகள் பின்பக்கம் திரும்பி மூலை மூலையாகத் துழாவின. பிறகு ஒரு டார்ச் அணைந்தது. இன்னொன்று. அணைக்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை. வெளிச்சம் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அவர்களாகவே அணைத்தார்கள். கடைசி டார்ச்சை வைத்திருந்தவன் அதை மார்போடு அழுத்திக்கொண்டான். அப்புறம் அதுவும் இல்லை.

எழுநூறு பேர் இருக்கும் இடத்தில் சொட்டுச் சத்தம் கேட்டது.

ஆபரேட்டர் எண்ணுவதை விட்டுவிட்டிருந்தார். தன் பின்னால் திறந்து கிடந்த கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சத்தம் வராமல் காலாலேயே அதைச் சாத்தினார்.

அவள் குனிந்து போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ? மியூட்?" எடிட்டர் கத்திக்கொண்டிருந்தார். "லைன் போச்சா? நல்லா விசில் கேட்டுச்சு, இப்ப ஒண்ணுமே கேக்கலையே."

"லைன் இருக்கு சார்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

"அப்ப ஜனங்க எங்க?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க."

திரையில் சேற்றைத் துடைக்கும் ஒரு கை தெரிந்தது, வெளிச்சம் வந்தது, மிருகம் வந்தது. கீழேயிருந்து எழுந்த அலறலைப் போனை நீட்டாமலே அவரால் கேட்டிருக்க முடியும். அந்த அலறல் முடிந்ததும் ஒரு சிரிப்பு வந்தது. பயந்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்திலிருப்பவரின் தோளில் அடிக்கும் சிரிப்பு.

இருபது நிமிடம் கழித்து எடிட்டர் கூப்பிட்டார். போனில் கேட்டதைச் சொன்னதும் தயாரிப்பாளர் இறங்கி வந்துவிட்டார், இருட்டை வெட்டவில்லை என்றார். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா ஒரு சிக்கல். இருட்டு அப்படியே இருக்கணும்னா மாலைக் காட்சிக்கு ஒரு தியேட்டர்லயும் லைட்டைப் போடக்கூடாது. அறுபத்தோரு தியேட்டர். ஒவ்வொரு ஆபரேட்டர்கிட்டயும் சொல்லணும். மெசேஜ் அனுப்பினா பார்க்கமாட்டாங்க. வாயால சொல்லணும். யாரைச் சொல்லச் சொல்றதுன்னு பார்க்கறேன்."

"நான் சொல்றேன் சார்."

"நீயா?"

"ஆமா சார். நம்பர் எல்லாம் அனுப்புங்க."

படம் முடிந்து அக்கா மேலே ஏறி வந்தாள். துப்பட்டா கசங்கி, கண் மை கலைந்து, பார்க்க அழுதவள் போல இருந்தாள்.

"சனியனே," என்றாள். "எனக்குத் தெரியும், அது நம்ம வீட்டுக் குளியலறைத் தண்ணின்னு எனக்குத் தெரியும். இருந்தும் பக்கத்துல இருந்த ஆள் கையைப் புடிச்சிட்டேன். யாரு என்னன்னே தெரியாது. அவரும் விடல. பாவம், கல்யாணம் ஆனவராம்."

ஆபரேட்டர் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டார். "உக்காந்து பேசும்மா. முதல்ல அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற தியேட்டருக்குப் போடு. அங்க இருக்கறவன் எட்டுலயே லைட்டைப் போடற ஆளு."

அவள் எண்ணை அழுத்தினாள். நாலு முறை அடித்து எடுத்தார்கள்.

"வணக்கம். ஆபரேட்டர் சாரா? மாலைக் காட்சில ஒரு இடத்துல திரை இருட்டாகும். நாற்பத்து மூணு செகண்டு. லைட்டைப் போடாதீங்க." அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள். அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். "திட்டுவாங்க சார். விசில் அடிப்பாங்க. இருபது வரைக்கும் பொறுத்துக்குங்க. அதுக்கு மேல நான் பாத்துக்கறேன்."