காலை ஐந்து மணிக்கு ஓடும் வேலை

பாவோவுக்குக் கண்தான் வாய். கை, கால், நாக்கு எல்லாவற்றையும் நோய் தின்றுவிட்டது. திரையில் எழுத்துகளை அவர் பார்க்கப் பார்க்கக் கணினி பேசும். அந்த மென்பொருளை எழுதியவர் தம்பி இல்போ. அண்ணனின் குரலைப் பதிவுசெய்வதற்குள் அது போய்விட்டதால், தன் குரலையே அதில் வைத்திருந்தார். பிப்ரவரியில் இல்போ மாரடைப்பில் போனார். அக்டோபரில் அந்தக் கணினியும் போனது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

குவோபியோ நகராட்சி புதுக் கணினி கொடுத்தது. மென்பொருளை ஏற்றித் தர வந்தவள், அந்தக் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான மிர்வா.

"இந்த மென்பொருள் தொகுப்பு இந்தச் செயலிக்கானது அல்ல" என்றது திரை.

உள்ளே இருந்தது புது ரகச் செயலி, அதாவது ப்ராசஸர் சில்லு. பழையதின் பாஷை அதற்குப் புரியாது. மிர்வா மொழிபெயர்ப்பு வசதியைப் போட்டுப் பார்த்தாள். மென்பொருள் திறந்தது, கண்ணசைவைப் பார்க்கும் கேமரா மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. கேமராவை இயக்கும் நிரலுக்கு அந்த மொழிபெயர்ப்பு செல்லாது. அது தெரிந்தும் மூன்று நாள் மல்லுக்கட்டினாள். அந்த மூன்று நாளும் பாவோ ஒருமுறை இமைத்தால் ஆம், இருமுறை இமைத்தால் இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியபடியே ஊர் வம்பு பேசிய மனுஷன், பாவம்.

"தறுதலை மெஷினு. இது மட்டும் என் புருஷனா இருந்தா எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள். பாவோ ஒருமுறை இமைத்தார்.

நான்காம் நாள் காலை, வேறு வழி தெரியாமல், பழைய தொகுப்பையே மறுபடி இறக்கலாம் என்று இணையத்தில் இல்போவின் சேமிப்புப் பக்கத்தைத் திறந்தாள். பட்டியலின் உச்சியில் புதிதாக ஒரு வரி. புதுச் செயலிக்கான தொகுப்பு. தயாரித்தவர்: இல்போ. நேரம்: இன்று காலை 5.41.

இல்போவின் சவப்பெட்டிமேல் பூ வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

உடனே இல்போவின் மனைவி சிர்க்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். ஏரிக்கரை வீட்டில் தனியாக இருப்பவள் சிர்க்கா.

"சிர்க்கா, இல்போவோட கம்ப்யூட்டர யாராவது தொட்டீங்களா?"

"யாரு தொடுறது? சவுனா குளியலறைக்குப் பக்கத்து ரூம்லதான் கிடக்கு. அணைச்சுடுன்னு மகன் கத்துறான், நான்தான் விடல. அந்த ஃபேன் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அவரு உள்ள உக்காந்து வேலை பாக்குற மாதிரி இருக்கும். இன்னிக்குக் காலையில அதுவும் செத்துப்போச்சு, மிர்வா. விடிஞ்சதுலேருந்து அது முன்னாடிதான் உக்காந்திருக்கேன்."

மிர்வா தொகுப்போடு வந்திருந்த பதிவுக் கோப்பைப் படித்தாள். தினமும் காலை ஐந்துக்கு ஓடும்படி இல்போ ஒரு வேலையை வைத்துவிட்டுப் போயிருந்தார். புதுச் செயலிக்கு ஒரு துணை நிரல் தேவை. அதை எழுதி வெளியிட வேண்டியவர்கள் வேறு யாரோ. வந்துவிட்டதா என்று பார். வரவில்லையென்றால் நாளைக்குப் பார். அவர் போன பிறகு இருநூற்று முப்பத்தேழு காலைகள் 'வரவில்லை'. நேற்றுதான் அதை வெளியிட்டிருந்தார்கள். இன்று ஐந்துக்கு இல்போவின் கணினி அதைக் கண்டுகொண்டு, நாற்பத்தொரு நிமிஷத்தில் தொகுப்பைத் தயாரித்து ஏற்றிவிட்டது.

கட்டளைகளின் கடைசி வரி: எல்லாம் முடிந்ததும் கணினியை அணைத்துவிடு.

"அது சாகல, சிர்க்கா. வேலை முடிஞ்சுது, அதான் நின்னுடுச்சு. அவரே அப்படி எழுதி வச்சிருக்காரு."

"முடிச்சுட்டாரா? மறுபடி போட்டா ஓடுமா?" என்றாள்.

"ஓடும். ஆனா இனிமே அதுக்கு அங்க வேலை இல்ல."

தொகுப்பு ஒரு முனகல் இல்லாமல் ஏறிக்கொண்டது. கேமராவை இயக்கும் நிரலும் அதற்குள்ளேயே இருந்தது. கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. போன் மேசைமேல் திறந்தே கிடக்க, பாவோவின் கண்கள் எழுத்தெழுத்தாக ஊர்ந்தன.

"சிர்க்கா," என்றது இல்போவின் குரல், "அழுதது போதும். எந்திரிச்சுப் போய் காப்பி போட்டுக் குடி."

மிர்வா பதறிப்போனாள்.

"சிர்க்கா, அது பாவோ. பாவோதான் பேசுறாரு."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் சிர்க்கா. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."