தொடையில் ஒரு தட்டு

அன்று காலை அந்த அமெரிக்கக் கால்பந்து அணியின் உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள்: வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன் லானி பிராக்கெட், அவனுக்கு அடுத்து நின்று, குனிந்து பந்தைப் பின்னால் கொடுக்கும் துயி லெயவாசா, லானியின் இடத்துக்குக் கண் வைத்திருந்த புதியவன் கார்வின், அணியிலிருந்து ஆள் கழிக்கும் நாளில் மட்டும் அங்கே தலைகாட்டும் அலுவலக ஆள் பீட்டி.

பீட்டி நேராக லானியிடம் வந்தான். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கோச்சிடம் போகச் சொன்னான், ஆட்டத் திட்டங்கள் இருக்கும் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு. டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டால் ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். டேப்லெட் என்றதும் எல்லோரும் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

பதினோரு வருடம் லானி அடுத்தவனுக்காக முட்டி மோதியவன். ஒலிபெருக்கியில் அவனைச் சொன்னதெல்லாம் தப்பாட்டம் ஆடியபோதுதான். அப்போதும் பெயர் இல்லை, சட்டை எண்.

துயி அவனைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். வெளியூர் ஆட்டத்தில் கூச்சலில் குரல் கேட்காது. லானிதான் பின்னால் திரும்பிப் பார்த்து, பந்தெறிபவன் சைகை காட்டியதும் துயியின் தொடையில் இடக்கையால் தட்டுவான், பந்து கிளம்பும். போன வாரம் அந்தத் தட்டு விழவில்லை. கழுத்தில் வாங்கிய அடியில் லானியின் இடக்கை மரத்துப்போயிருந்தது. தட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். துயி குத்துமதிப்பாகப் பந்தைக் கொடுத்துவிட்டு, பிசகைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

“கையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிடு. அடிபட்டவன இவனுங்க சும்மா வெளிய தள்ள முடியாது. ஆபரேஷன் செலவும் இவனுங்க தலையிலதான். நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லித் தொலைக்காத.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றான் லானி.

டாக்டர் அறையில் கார்வின் வந்து உட்கார்ந்திருந்தான், கணுக்காலுக்குக் கட்டுப் போட. டாக்டர் ஹாலிஸ் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்கயாவது வலி இருக்கா லானி?”

ஊசி போட்டுக்கொண்டு ஆடிய நாட்களிலும், உடைந்த விரலைக் கட்டிக்கொண்டு ஆடிய நாட்களிலும் கேட்ட அதே கேள்வி. வலிக்கிறது என்றவன் உட்காருவான். அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். லானிக்கே இடம் அப்படித்தான் கிடைத்தது. கார்வின் கட்டை மறந்து இந்தப் பக்கம் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல டாக்டர். ஜம்முனு இருக்கேன்.”

வாய் முந்திக்கொண்டது. டாக்டர் முகம் தெளிந்தது. அவர் அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உடம்பில் குறை எதுவும் இல்லை என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். கார்வின் எதிரில் அது வரவில்லை. வலக்கையால் போட்டான்.

கோச் நன்றி சொல்லி, டேப்லெட்டையும் கதவு திறக்கும் அட்டையையும் வாங்கிக்கொண்டார்.

பின்வாசலில் துயி நின்றிருந்தான்.

“சொன்னியா?”

லானி பையை வலக்கைக்கு மாற்றினான்.

“ஜம்முனு இருக்கேன்னு சொன்னியாக்கும்.”

“வாயில வந்துடுச்சுடா.”

“வரும். பதினோரு வருஷமா வேற என்ன வந்துச்சு?”

மைதானத்தில் விசில் கேட்டது. கார்வின் காத்திருப்பான் என்று சொல்லிவிட்டுத் துயி திரும்பினான். லானி வெளியே கால் வைத்தான். கனத்த கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது.