வெள்ளை வேட்டியில் கருநீலக் கறை

விசைத்தறியில் அறுந்த நூலை முடியும்போது அபிஷாவின் விரல் கிழிந்துவிட்டது. அயோடின் மருந்தைத் தடவிக்கொண்டு, ஈரம் காயுமுன்னே வேலையைத் தொடர்ந்தாள். விரல் பட்ட இரண்டு இடத்தில் வெள்ளை வேட்டித் துணி கருநீலமாகிவிட்டது.

"ஏட்டி, தறியை நிப்பாட்டிட்டு என்னத்தப் பாத்துட்டு நிக்க?" என்று முதலாளி கோமதிநாதன் கத்தினார்.

அவளுக்கோ கை பரபரத்தது. நூலுக்குப் போட்ட கஞ்சி மாவுச்சத்து; சர்க்கரை கோத்த நீளச் சங்கிலி. அயோடின் பட்டால் நீலமாகும். அந்தச் சங்கிலியை அறுக்கிற நொதி எச்சிலில் உண்டு. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தது இன்று கண்முன்னே கிடக்கிறது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு கறையில் தேய்த்தாள். பத்து நிமிஷத்தில் நீலம் போன இடம் தெரியவில்லை.

பக்கத்தில் வந்து, கறை மறைந்ததைப் பார்த்த கோமதிநாதனுக்குக் கோபம் மறந்துவிட்டது. "எந்தக் கடையில வாங்குன மருந்து இது?"

"கடைக்குப் போவாண்டாம் அண்ணாச்சி. சோறு செமிக்கதுக்கு உங்க வாயிலயும் அதுதான் ஊறுது. இன்னொரு கறை இருக்கு, நீங்களே வச்சுப் பாருங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விரலை நாக்கில் தொட்டார். கறையில் தேய்த்துவிட்டு, குனிந்தபடியே காத்திருந்தார். நீலம் வெளிறத் தொடங்கியதும் கூடமே அதிரக் குரல் கொடுத்தார்.

"ஏலே, எல்லாத் தறியையும் நிப்பாட்டிட்டு இங்கன வாங்கலே."