விரல் இடுக்கு

முசநேத்தாவின் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கூட்டம் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் முற்றத்து நடுவில் அந்தப் பெரிய பேசின் வந்துவிட்டது. வயதில் மூத்தவர் என்பதால் பெரியப்பா முதலில் கைகளை முக்கியெடுத்தார். அடுத்த மூத்தவர் குனிந்தார். புதைகுழி மண் தண்ணீரில் கரைந்து பரவுவதை முசநேத்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோளக்களியும் மாட்டுக்கறியும் தயாராக இருந்தன. ஊரே ஒரே தண்ணீரில் கை நனைத்துவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டும். துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்றால் இங்கே அதுதான். தாத்தா செத்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். காலரா பரவியிருந்த நேரம். அந்த வாரமே அவள் தம்பி ஃபராய் வயிறு போய், வாந்தியெடுத்து, துவண்டு, பள்ளிக்கூடம் சேருமுன்னே போய்விட்டான்.

அன்றிலிருந்து அவள் அம்மா எஸ்நாத் ஊருக்குப் பெரிய தொந்தரவாகிப் போனாள். ஆற்றுத் தண்ணீர் ஆகாது என்று நடையாய் நடந்து அடிபம்பு போட வைத்தாள். கக்கூஸ் வாசல்தோறும் கயிறு கட்டிய தண்ணீர்க் கேனையும் சோப்பையும் தொங்கவிட்டாள். எதிரே அவள் வந்தால், கையைக் காட்டச் சொல்வாள் என்று ஆம்பிளைகள் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். ரத்தக்கொதிப்பில் படுத்த பிறகும் மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"என் சாவுக்கு வர்றவங்க ஒரே பேசின்ல கை விடக்கூடாதுடீ. ஊத்தித்தான் கழுவணும். பாத்துக்குவியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்று முசநேத்தா வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது ஆற்றுக்கு அக்கரையில் மறுபடியும் காலரா. அங்கிருந்தும் துக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

அம்மாவின் பச்சை ஜக்கை எடுத்துக்கொண்டு அவள் பெரியப்பா முன்னால் போய் மண்டியிட்டாள். தான் ஊற்றுவதாகவும், அம்மா அப்படித்தான் கேட்டாள் என்றும் மெதுவாகச் சொன்னாள். பெரியப்பா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"உங்கம்மாவ மண்ணுல வச்ச கைம்மா இது," என்றார். "உனக்கு அழுக்காத் தெரியுதா?"

அக்கரைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை வந்து முசநேத்தாவின் தோளைப் பிடித்து அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே செகாய் உட்கார்ந்திருந்தாள். அவள் எஸ்நாத்தின் சஹ்விரா, சடங்குத் தோழி. செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, பேசி, சாவு வீட்டைச் சிரிக்கவைப்பது சஹ்விராவின் கடமை. அவள் என்ன செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையிலிருந்து எஸ்நாத்தின் பூப்போட்ட கவுனில், அவளைப் போலவே வலது காலை இழுத்து இழுத்து நடந்து, குழி தோண்டியவர்களிடம் "கையக் காட்டுங்கடா" என்று நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முசநேத்தாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்துச் சிநேகிதிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே இவள் என்று ஆறவில்லை.

இப்போது வேறு வழி தெரியவில்லை. ஜக்கை அவள் மடியில் வைத்தாள்.

"சித்தி, என் பேச்சு எடுபடல."

செகாய் ஜக்கைக் கையில் எடுத்தாள். பிறகு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், ஒரே உதையில் பேசினைக் கவிழ்த்தாள். கலங்கல் தண்ணீர் பெரியப்பாவின் ஷூவை நனைத்தது.

"ஒரு நாள் நான் இல்லேன்னா மாடு மாதிரி ஒரே தொட்டிக்கு வந்துருவீங்களா?" எஸ்நாத்தின் குரலேதான். "பெரியத்தான், நீட்டுங்க. இது கழுவின கையா? கோழிகூட நம்பாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் முற்றமே சிரித்தது. பெரியப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், கைகளை நீட்டினார்.

"விரல் இடுக்கு," என்று செகாய் அதட்டினாள். அவர் சோப்பை வாங்கி ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தார்.

அக்கரைக்காரர்களுக்கும் அதே சோப்பு, அதே வசவு. முசநேத்தா பம்புக்கும் முற்றத்துக்குமாக வாளி சுமந்தாள். அவள் முறை வந்தபோது செகாய் அவள் நகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கா உன்னப் பெத்தேன்?"

அச்சு அசல் அம்மா. முசநேத்தாவும் சிரித்துவிட்டாள்.

எல்லோரும் களியைப் பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். செகாய் மட்டும் ஜக்கோடு தனியாக நின்றாள். அவளுக்கு ஊற்ற ஆளில்லை. முசநேத்தா போய் ஜக்கை வாங்கினாள். செகாய் இப்போது இரண்டு காலிலும் நேராக நின்றிருந்தாள். கைகளை நீட்டினாள்.

"விரல் இடுக்கு, சித்தி," என்றாள் முசநேத்தா.

கைகள் சுத்தமாகிவிட்டன. செகாய் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜக்கு காலியாகும்வரை முசநேத்தா ஊற்றினாள். பிறகு வாளியில் முக்கி, மறுபடியும் ஊற்றினாள்.