எண்பத்தெட்டுத் துருத்தி

ஆர்மோனியம் பழுது பார்க்கிற ஆவூர் சவரிநாதனுக்கு அப்படி ஒரு கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. வராதா பின்னே? மூன்று மாசப் பாடு!

பொன்னமராவதிப் பக்கத்துப் பெரிய வீட்டுச் சாத்தப்பர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பியானோ அது. கை படாமல் தானாகப் பாடும். ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டிக் காலால் மிதித்தால், உள்ளே இருக்கிற எண்பத்தெட்டுக் குட்டித் துருத்திகள் காற்றை இழுத்துக் கட்டைகளைத் தட்டும். துருத்தித் தோலெல்லாம் மக்கிப் பொடியாகியிருந்தது. மகள் கல்யாணத்தன்று அது பாடியே ஆக வேண்டும் என்றார் சாத்தப்பர். பட்டணத்துக் கடைக்கு எழுதிக் கேட்டால், 'சீமைத் தோலா? உலகச் சண்டை முடியட்டும்' என்று பதில் வந்தது.

சவரிநாதன் அசரவில்லை. உள்ளே காற்றுப் போகிற குழாய்களுக்குச் சைக்கிள் கடை வால்வு டியூப் கிடைத்தது. தோலுக்குத்தான் நாய் படாத பாடு பட்டார். கடைசியில் கறம்பக்குடியில் தப்பு மேளத்துக்குத் தோல் கட்டுகிற ஆண்டிச்சாமியிடம் போய் நின்றார்.

ஆண்டிச்சாமி பழைய தோல் துண்டைத் தடவிப் பார்த்தார். "வெள்ளாட்டுக் குட்டித் தோலுங்க. சீவிச் சீவி வெங்காயச் சருகாட்டம் ஆக்கிப்புடலாம். ஒண்ணே ஒண்ணு, அது பாடுறப்ப நான் ஒருக்கா கேக்கணும்."

"கேக்காம? நானே ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போறேன்ப்பா" என்று வாக்குக் கொடுத்தார் சவரிநாதன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பியானோ பாடிவிட்டது. பெருமை தாங்காமல், தோல் யார் கைவேலை என்பதைச் சாத்தப்பரிடம் சொன்னவரும் அவரேதான். அந்த வாயை என்ன சொல்ல!

கல்யாணத்தன்று ஆண்டிச்சாமியை வாசல் காவல்காரன் உள்ளே விடவில்லை. சவரிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சுவரோரமா நில்லுப்பா, சன்னலைத் தெறந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து மிதித்தார். 'புஸ்' என்றது. அவ்வளவுதான். மூடியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் சொட்டியது. எண்பத்தெட்டும் நனைந்த அப்பளமாக உரிந்து தொங்கின.

"தோல் யாருதுன்னு நீர்தானே சொன்னீரு?" என்றார் சாத்தப்பர், சாவதானமாக. "மங்கலக் காரியமாச்சே. மந்திரிச்ச தண்ணி ரெண்டு குடம் ஊத்தித் தீட்டுக் கழிச்சாச்சு. வாசியும்."

"அடப் பாவிகளா!" சபை திரும்பிப் பார்த்தது. "இதை ஒட்டுன வச்சிரம் என்னங்க? மாட்டுத் தோலைக் காய்ச்சின பசை! தண்ணி பட்டா விட்டுப்போகாதா? சீமையிலேருந்து வந்தப்பவே இதுக்குள்ள தோலுதான் இருந்துச்சு. அதை உரிச்சவன் யாருன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? சீமைத் தோலு மணக்கும், கறம்பக்குடித் தோலு நாறுமோ?"

"கத்தாதேயும். வேற தோல் போட எத்தனை நாளாகும்?"

"தோல் வேணும்னா நீங்களே போயி அந்த மனுஷன் வாசல்ல நின்னு கேளுங்க!" சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வெளியே ஆண்டிச்சாமி சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

உள்ளே அத்தனை கத்தியவர் பையைக் கீழே வைத்தார். "தண்ணிய ஊத்திட்டாங்கப்பா. ஒன் கை பட்டதுன்னு."

"எம்பத்தெட்டும் போச்சுங்களா?"

"எம்பத்தெட்டும்."

ஆண்டிச்சாமி மடியை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு தோல் துண்டை எடுத்தார். பாடும்போது ஏதாவது கிழிந்துவிட்டால் மாற்ற வேண்டுமே என்று கொண்டுவந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு திரும்பவும் மடியில் இறுக்கி முடிந்தார்.

"இனி அவுக கெஞ்சுனாலும் குடுக்க மாட்டேங்க. வாங்க, பஸ்சுக்கு நேரமாச்சு."