இறந்ததாகச் சொல்லப்பட்ட சித்தப்பா

திருப்பதி ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்க நின்ற வரிசை மெல்ல நகர்ந்தது. அம்சவேணி தன் நான்கு மாதக் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். வெயில் பட்டால் குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு வீறிட்டது. அதற்காக மட்டும் மூடவில்லை. துணி விலகினால் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள். குழந்தைக்குத் தோல், முடி, இமை எல்லாமே வெள்ளை. அம்சவேணி நல்ல கறுப்பு. அவள் கணவன் கோவர்த்தனனும் கறுப்புதான். அவன் அவளுக்குச் சொந்த அத்தை மகன்.

நகரி மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த 1957ஆம் ஆண்டு அது. அந்தப் பேச்சு சலித்தவர்களுக்கு அம்சவேணியின் பேச்சு கிடைத்தது. தறிக்கு நூல் மூட்டை எடுக்க ரயில் நிலையம் போனவள், வெள்ளைத்தோல் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியரான ரயில் கார்டு ஒருவரிடம் நின்று பேசினாளாம். பேசியது உண்மைதான். மூட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டாள்.

குழந்தை பிறந்த பதினாறாம் நாள், மாமியார் கிருஷ்ணம்மா வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினாள். "எங்க வம்சத்துல இந்த மாதிரி ஒண்ணு பொறந்ததே கெடையாது. இது யாருதுன்னு அவளையே கேளுங்க!"

கோவர்த்தனன் அவளுடைய துணிப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். செய்தி கேட்டு, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா திருவேங்கடம் வந்தார். கிருஷ்ணம்மா அவருடைய உடன்பிறந்த தங்கை. ஆனாலும் அவர் தங்கையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி, "வாம்மா, போலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த மௌனத்தை நைனாவின் துக்கம் என்றே அம்சவேணி எண்ணியிருந்தாள்.

டாக்டர் நாகபூஷணம் குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"இங்க பாரும்மா, இது தொத்து வியாதி இல்ல. தோலுக்கு நிறம் தர்ற ஜீன் எல்லார் உடம்புலயும் ரெண்டு இருக்கும். அப்பா தந்தது ஒண்ணு, அம்மா தந்தது ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு நல்லா இருந்தாலே அது ஓங்கி நின்னு நிறத்தைக் கொடுத்துடும். பழுதானது வெளிய தெரியாம ஒடுங்கிக் கெடக்கும். உனக்குள்ளயும் ஒண்ணு அப்படி ஒடுங்கி இருக்கு, உன் புருஷனுக்கும் இருக்கு. ரெண்டு பேருமே அந்தப் பழுதானதைக் கொடுத்துட்டா, கொழந்தை இப்படிப் பொறக்கும். நாலுக்கு ஒண்ணு ஆகலாம். ஒரே வம்சத்துல கட்டிக்கிட்டா இன்னும் சுலபமா நடக்கும்."

"ஊர்ல வெள்ளத்தோலு ஆளுக்குப் பொறந்ததுன்னு சொல்லிக்கினு இருக்காங்க சார்."

"அப்படின்னா மாநிறமா இருந்திருக்கும். இமைகூட வெளுக்காது, கண்ணும் இப்படிக் கூசாது. உங்க சொந்தத்துல யாராச்சும் இப்படி இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல சார்."

டாக்டர் யோசித்தார். "ஏர்பேட்டுல இருந்து ஒருத்தர் என்கிட்ட வருவார். இதே மாதிரிதான். சொந்த ஊர் நகரின்னார். பேரு துலுக்காணம்."

துலுக்காணம் அவள் அப்பாவின் தம்பி. ஏழு வயதில் காலராவில் செத்துப் போனதாகத்தான் வீட்டில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

அன்றே பஸ் ஏறி ஏர்பேட்டுக்குப் போனாள். ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகை நிழலில், தலையில் துண்டு போட்டபடி ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். புருவம்கூட வெள்ளை. அவள் யார் மகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் குழந்தையை வாங்கித் தன் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்னை மாதிரியே இருக்குதே! அண்ணன் போன வாரம்தான் வேட்டி குடுத்துட்டுப் போச்சு. பேத்தி பொறந்திருக்குதுன்னு சொல்லுச்சு. இதைச் சொல்லலியே!"

அம்சவேணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் சந்தேகப்பட்டதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. அவன் அறியாதவன். அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"என்கூட நகரிக்கு வா, சின்ன நைனா" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் கிருஷ்ணம்மாவின் வாசலில் போய் நின்றார்கள். தெரு கூடியது. திருவேங்கடமும் ஓடி வந்தார். துலுக்காணத்தைப் பார்த்ததும் கிருஷ்ணம்மா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யாரும்மா?" என்று கேட்டான் கோவர்த்தனன்.

துலுக்காணம்தான் பதில் சொன்னார். "உன் தாய்மாமன்டா. உங்கம்மா கூடப் பொறந்தவன்."

"நைனா, உனக்குத் தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தே?" என்றாள் அம்சவேணி.

திருவேங்கடம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "தாட்சாயணிக்குப் புத்தூர்ல மாப்பிள்ளை பேசிக்கினு இருக்கேன். வம்சத்துல இப்படி இருக்குதுன்னு தெரிஞ்சா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

"அதுக்கு என் மானத்தைக் குடுத்துட்டியா?"

கோவர்த்தனன் படியிறங்கி வந்து குழந்தைக்காகக் கை நீட்டினான். "எனக்குத் தெரியாது அம்சா. உள்ள வா."

"தெரியாது சரி, மாமா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நீட்டிய கை தாழ்ந்தது. அம்சவேணி குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை ஒதுக்கி, தன் உடம்பால் வெயிலை மறைத்தபடி எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. என் கொழந்தை இப்படிப் பொறந்தது அது குத்தமும் இல்ல, என் குத்தமும் இல்ல. ரத்தத்துல வர்றது யாரையும் கேட்டுக்கினு வர்றதில்ல. அப்பன் குடுத்ததும் அதுல பாதி, ஆத்தா குடுத்ததும் பாதி. கூடப் பொறந்தவனை உசுரோட செத்தவனாக்கி, தெரிஞ்சதை மறைச்சு, ஒரு பொம்பள தலையில பழி போட்டீங்களே, அதுதான் குத்தம்."