சீர்த்தட்டில் வந்த குரல்

"மாமா, தம்பிக்குத் தாகமா இருந்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஜனனி ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, தம்பி கண்ணனுக்கு மூன்று. தாய்மாமன் குழந்தைவேலு அவளை மிட்டாய்க் கடைக்கு அழைத்துப் போய்விட்டான்.

இப்போது கண்ணனுக்கு ஏழு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். படத்தைத் தொட்டால் பேசுகிற மாதிரி ஒரு டேப்லெட் இருந்தால், தனக்கு வேண்டியதைச் சொல்லப் பழகலாம் என்று மதுரையில் பயிற்சி கொடுக்கும் அம்மாள் சொல்லியிருந்தார். கட்டாயம் பழகுவான் என்று அவர் சொல்லவில்லை.

குழந்தைவேலுவின் தங்கை பாண்டீஸ்வரி, கண்ணனின் தாய், சிங்கம்புணரியில் புதுவீடு கட்டி, பால் காய்ச்ச நாளும் குறித்துவிட்டாள். பிறந்த வீட்டுச் சீராக வெள்ளிக் குத்துவிளக்கு வைப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். புதுவயல் ஊரில் அரிசி ஆலை லாரி ஓட்டுகிறவனுக்கு விளக்கு, டேப்லெட் இரண்டில் ஒன்றுதான் முடியும். விளக்கு இல்லாமல் போனால் தங்கை மாமியார் முன்னே தலைகுனிவாள். டேப்லெட்டை வாங்கிப் பிள்ளை உடைத்துவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

அவன் மனைவி முத்தழகுதான் முடிச்சை அவிழ்த்தாள். "வெளக்கு அடுத்த வருசமும் கடையில இருக்கும். பிள்ளை வயசு நிக்குமா?" என்றாள்.

இருவரும் போன காரைக்குடிக் கடை வாசலில் அந்த வாரம்தான் வந்த புது டேப்லெட்டுக்குப் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். வாங்குவதென்றால் நல்லதாகவே வாங்கிவிடுவோம் என்று அதையே கேட்டான். விற்பனையில் நின்ற இனாமுல் ஹசன் யாருக்கு என்று விசாரித்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும், கையில் எடுத்த புதுப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

"அண்ணே, இதுக்கு ரப்பர் உறை இன்னும் வரலை. பிள்ளை கீழ போட்டா நீங்க பதறுவீக. அப்புறம் பத்திரமா பீரோவுல வச்சுப் பூட்டிருவீக. போன வருசத்து மாடலே போதும். தடியா உறை போட்டுத் தாரேன், அவன் எறியட்டும்."

அதோடு விடவில்லை. தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, கண்ணன் குடிக்கிற டம்ளர், சாப்பிடுகிற தட்டு, அம்மா, அக்கா என்று படங்களை ஜனனியிடம் சொல்லி அவள் அம்மா போனிலிருந்து வரவழைத்து ஏற்றினான். குரல் பதிய முத்தழகைப் பேசச் சொன்னான். அவள் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே, "தண்ணி வேணும்" என்றாள். அவர்கள் கிளம்பும்போது முதலாளி இனாமுலைக் கடிந்துகொண்டது காதில் விழுந்தது. புதிய மாடலை விற்றிருந்தால் அந்த வாரம் அவனுக்குத் தனிக் கமிஷன் உண்டாம். குழந்தைவேலு திரும்பி வந்து ஏதாவது கொடுக்கப் பார்த்தான். இனாமுல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளை பேசினால் எனக்காக ஆண்டவனிடம் துவா செய்யுங்கள், அது போதும் என்றான். ஆண்டவன் தன் ஆட்களைக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் மட்டுமா நிறுத்திவைத்திருக்கிறான்?

விலை குறைந்ததில் மிஞ்சியதற்குச் சின்னதாய் ஒரு பித்தளை விளக்கு வாங்க முடிந்தது.

பால் காய்ச்சும் நாளில் சீர்த்தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. வெள்ளியைத் தேடிய பாண்டீஸ்வரியின் மாமியார், "அண்ணன் வீட்டு வெள்ளி வெயில்ல கறுத்துப் பித்தளையாப் போச்சு போல" என்றார். பாண்டீஸ்வரி குனிந்துகொண்டாள். அதற்குள் கண்ணன் கூட்டத்தில் புகுந்து தட்டிலிருந்த டேப்லெட்டை எடுத்துவிட்டான். சபையில் இறக்கி வைக்குமுன் சீரைத் தொடக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். தொடட்டும் என்று குழந்தைவேலு குறுக்கே நின்றான். கண்ணன் அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான், கவிழ்த்துப் பார்த்தான், ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒன்றும் நடக்கவில்லை.

பந்தி நடக்கும்போது, "தண்ணி வேணும்" என்று முத்தழகின் குரல் கேட்டது.

"ஏத்தா, செம்பு பக்கத்துலதான இருக்கு. எடுத்துக் குடிக்க வேண்டியதுதான?" என்றார் மாமியார்.

முத்தழகின் வாய் நிறையச் சோறு இருந்தது. அவள் மூலையைக் காட்டினாள். கண்ணன் தன் டம்ளர் படத்தின் மேல் விரலை வைத்து மறுபடி அழுத்தினான். "தண்ணி வேணும்."

பாண்டீஸ்வரி ஓடினாள். அவளுக்கு முன்னால் மாமியார் செம்போடு எழுந்து போனார். பிள்ளை குடித்து முடிக்கும்வரை அவன் தலையைத் தடவியபடி நின்றார். வெள்ளி விளக்கைப் பற்றி அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை. குழந்தைவேலு கை கழுவப் போவதுபோல் கொல்லைக்குப் போய், நெடுநேரம் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான்.

அந்த வருடம் ரம்ஜான் நோன்பு தொடங்கியபோது, சம்பளத்தில் ஒரு மூட்டை பச்சரிசி வாங்கி லாரியில் போட்டுக்கொண்டான். இனாமுல் இருக்கும் தெருப் பள்ளிவாசலில் பகல் தொழுகை நடந்துகொண்டிருந்தது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையில் யாரும் இல்லை. மூட்டையை முதுகில் சுமந்து போய், கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவின் பக்கத்தில், ஈரம் படாமல் பலகை மேல் வைத்தான். ஒரு கணம் கைகூப்பினான். தொழுகை முடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு புதுவயல் சாலையில் திரும்பினான்.